வார்டில் நிற்பவளும் தொழிலாளிதான்

எந்த டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் சுவரில் ஒரு நோட்டீஸ் கண்ணில் படுகிறது. நோயாளி பராமரிப்புப் பயிற்சி, சில மாதங்களில் சர்டிபிகேட், உடனே வேலை! இதை நின்று படிக்கிறவர்கள் யார்? டாக்டர் வீட்டுப் பிள்ளைகளா? பங்களாக்காரர்களா? இல்லை. மில்லில் ஷிப்டு முடிந்து வருகிற தோழரும், நடவுக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தாயும்தான் படிக்கிறார்கள். மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். காலேஜுக்கு அனுப்ப வசதி இல்லை. மில்லுக்கு அனுப்ப மனம் இல்லை. வெள்ளை உடுப்புப் போட்டு ஆஸ்பத்திரியில் நிற்பாள் என்ற ஆசையில் தோட்டைக் கழற்றி அடகு வைக்கிறார்கள். ஆகவே இந்தப் பயிற்சி எப்படிப்பட்டது என்று நம் பத்திரிகையில் பேசியே ஆக வேண்டும்.

பயிற்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது மூடத்தனம். நோயாளியைப் பார்த்துக்கொள்வது ஆயா வேலைதானே, அதற்கு என்ன படிப்பு என்று கேட்கிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் இரவு வார்டில் நின்று பார்க்கட்டும்!

பக்கவாதம் வந்து அசையாமல் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்து கன்றி, பிறகு எலும்பு தெரியும் அளவுக்குப் புண் குழிந்துவிடும். விழுங்கத் திணறுகிற கிழவரை நிமிர்த்தி உட்கார வைக்காமல் கஞ்சி புகட்டினால், கஞ்சி மூச்சுக் குழாயில் இறங்கும், நிமோனியா வரும், ஆளே போய்விடலாம். மூத்திரத்தை அளந்து எழுதுவதை அருவருப்பான வேலை என்று முகம் சுளிப்பவர் உண்டு. சிறுநீரகம் வேலை செய்கிறதா இல்லையா என்று டாக்டருக்கு முன்கூட்டிச் சொல்வது அந்த அளவுதான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஆளை மாற்றும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும். மூட்டை தூக்குகிற தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊசிமுனை எந்த டப்பாவுக்கு, ரத்தம் பட்ட பஞ்சு எந்தப் பைக்கு, மஞ்சளா, சிவப்பா, வெள்ளையா, நீலமா என்று தெரியாவிட்டால் ஆபத்து நோயாளிக்கு மட்டுமல்ல. குப்பை அள்ளுகிற தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

டாக்டர் காலையும் மாலையும் வந்து போவார். நர்ஸுக்கு வார்டு முழுவதும் பொறுப்பு. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் மூச்சு விடும் தினுசு மாறியதை முதலில் கவனிப்பவள் பக்கத்தில் நிற்கிற உதவியாளர்தான். அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் ஓடிப்போய் நர்ஸை அழைப்பாள். கற்றுக்கொடுக்காவிட்டால் தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்து விடுவாள். அந்தக் கட்டிலில் கிடப்பது யார்? பெரும்பாலும் நம் வர்க்கத்து மனிதர்தான். ஆகவே நல்ல பயிற்சி வேண்டும் என்பதில் நமக்கு இரட்டை அக்கறை உண்டு.

பின் தகராறு எதில்? 'பயிற்சி' என்ற சொல்லை வைத்து நடக்கிற வியாபாரத்தில்தான்.

இந்தச் சொல் மில் தொழிலாளிக்குப் புதிதல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூல் மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பெயர் சூட்டி, கிராமத்துப் பெண்களை மூன்று வருஷம் அப்ரண்டிஸ் என்று ஹாஸ்டலில் அடைத்தார்களே, நினைவிருக்கிறதா? ஓட்டியது முழு ஷிப்டு. ஏட்டில் எழுதியது பயிற்சி. கடைசியில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டமே பயிற்சியில் இருப்பவர் தொழிலாளி அல்ல என்று சொல்கிறது. இந்த ஒரு வரி முதலாளிக்கு எவ்வளவு லாபம் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் இருந்த இடத்தில் கட்டிலை வையுங்கள். அதே கதை ஆஸ்பத்திரியில் நடக்கும். காலையில் ஒரு மணி நேரம் பாடம், மிச்ச நேரமெல்லாம் சம்பளமில்லாத வார்டு வேலை. ஒரு அணி வெளியேறியதும் அடுத்த அணி. வேலைக்கு ஆள் எடுக்க வேண்டிய அவசியமே ஏற்படாது!

சர்க்கார் என்ன செய்திருக்கிறது? 2015இல் தொடங்கிய பிரதம மந்திரியின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் 'ஜெனரல் டூட்டி அசிஸ்டெண்ட்' என்று ஒரு படிப்பு வைத்தார்கள். கொரோனா தாக்கியபோது, 2021 ஜூன் 18 அன்று, 26 மாநிலங்களில் 111 மையங்கள், ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்று பிரதமரே தொடங்கி வைத்தார். வீட்டுப் பராமரிப்பு, அவசரப் பராமரிப்பு, மாதிரி எடுத்தல் என்று ஆறு வகை வேலைகள். நல்லதுதான். ஆனால் அது பயிற்சிக்கான திட்டம். நிரந்தர உத்தியோகத்துக்கான திட்டம் அல்ல.

சர்டிபிகேட்டின் மதிப்பையும் பார்ப்போம். நர்ஸ் என்றால் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த நர்ஸுகள், மருத்துவச்சிகள் கவுன்சிலில் பெயர் பதிவாக வேண்டும். அதற்கு ஏ.என்.எம். இரண்டு வருஷம், ஜி.என்.எம். மூன்று வருஷம் படிக்க வேண்டும். டெக்னீஷியன் முதலிய துணை மருத்துவத் தொழிலாளருக்கு 2021இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. அதன்படி குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு, அதுவும் இரண்டு வருஷத்துக்குக் குறையாமல். சில மாதப் பயிற்சி முடித்தவள் இந்த ஏட்டிலும் இல்லை, அந்த ஏட்டிலும் இல்லை. பத்து வருஷம் வார்டில் நின்றாலும் ஒரு படி ஏற முடியாது. ஏணியில்லாத வீட்டுக்கு மாடி கட்டிய கதைதான். 'நர்சிங் டிரெயினிங்' என்று போர்டு மாட்டிப் பணம் பிடுங்குகிற சில தனியார் கடைகளோ இந்த வித்தியாசத்தைப் பெற்றோரிடம் வாய் திறந்து சொல்வதே இல்லை.

சட்டத்தில் இவர்களுடைய இடம் எப்படிக் கிடைத்தது, எப்படிப் பறிபோகிறது என்பது தனிக் கதை. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் வார்டு ஊழியர் இருவரைச் சட்டப்படியான நஷ்டஈடு தராமல் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர்களுடைய சங்கமான ஹாஸ்பிடல் மஸ்தூர் சபா விடவில்லை. ஆஸ்பத்திரி தர்ம சேவை, தொழில் அல்ல என்று வாதாடியது பம்பாய் சர்க்கார். 1960இல் சுப்ரீம் கோர்ட்டு, ஆஸ்பத்திரியும் தொழில்தான், நீக்கியது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 1970இல் அதே கோர்ட்டு சப்தர்ஜங் ஆஸ்பத்திரி வழக்கில் பின்வாங்கியது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், ஜஸ்டிஸ் வி. ஆர். கிருஷ்ணய்யரின் தீர்ப்பில், உரிமை மறுபடியும் கிடைத்தது. வார்டில் பெட்பான் எடுத்த இரண்டு பேர் நாடு முழுவதும் உள்ள ஆஸ்பத்திரி ஊழியருக்கு வழி திறந்தார்கள். நம் சங்க வகுப்புகளில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், சொல்கிறோமா?

இப்போது 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துவிட்டது. தர்ம காரியம், சமூக சேவை ஆகியவற்றில் முழுமையாகவோ பெருமளவுக்கோ ஈடுபட்ட அமைப்புகள் நடத்தும் நிறுவனங்கள் 'தொழில்' ஆகா என்று அதில் எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலையும் ஆகாதாம். நாட்டில் டிரஸ்டு என்ற போர்டு மாட்டாத பெரிய ஆஸ்பத்திரி எத்தனை? பில் போடும்போது கம்பெனி, சம்பளம் கேட்கும்போது தர்மம்! ஏஜென்சி மூலம் வீட்டுக்கு வீடு போய் இரவும் பகலும் தங்கி முதியவரைப் பார்க்கிற பெண்ணை, நீ வீட்டு வேலைக்காரிதான் என்று தட்டிக்கழிக்கவும் வழி திறந்தாயிற்று.

இந்த ஊழியருக்கு 'பேஷண்ட் கேர் டெக்னீஷியன்' என்று அழகான பெயர் வைத்திருக்கிற அமெரிக்காவைப் பார்ப்போம். டாலர் முதலாளிகளின் நாடு. தானாக எதுவும் கொடுத்துவிடவில்லை. 1959 மே 8 அன்று நியூயார்க்கில் ஏழு ஆஸ்பத்திரிகளின் உதவியாளர்கள், சமையல்காரர்கள், சலவைக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், போர்டோ ரிக்கோ மக்கள். 1199 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட யூனியன் தலைமை தாங்கியது. போராட்டம் 46 நாள் நீடித்தது. நோயாளிகளைக் கைவிட்டார்கள் என்று தூற்றினார்கள், அவர்கள் கலங்கவில்லை. பத்து வருஷம் கழித்து, 1969இல், அதே யூனியன் ஆஸ்பத்திரி நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டு ஒரு பயிற்சி நிதியை உண்டாக்கியது. பணம் போடுவது முதலாளி. படித்து மேலே போவது ஊழியர்! 1987இல் வந்த சட்டம், முதியோர் மருத்துவ இல்ல உதவியாளருக்கு 75 மணி நேரத்துக்குக் குறையாத பயிற்சி, பரீட்சை, மாநிலப் பதிவேட்டில் பெயர் என்று விதித்தது. இல்லம் வேலைக்கு எடுத்த ஆளிடம் பயிற்சிக் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் ஆனது. 75 மணி நேரம் போதாது என்பது வேறு விஷயம். செலவு யார் தலையில் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

ஆகவே தோழர்களே, பிள்ளையைச் சேர்க்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். சர்டிபிகேட்டில் யார் முத்திரை? செய்முறை எந்த ஆஸ்பத்திரியில், யார் மேற்பார்வையில்? வேலை கொடுத்தால் நியமன உத்தரவு உண்டா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா? ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவார்களா? மருத்துவக் கழிவு விதிகள் 2016இலிருந்தே இந்த ஊசிகளை ஆஸ்பத்திரி போட்டாக வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கின்றன. மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்; கம்மலாவது மிஞ்சும்.

சர்க்காரை நாம் கேட்பது இது. ஜில்லா தலைமை ஆஸ்பத்திரிகளில் கட்டணமில்லாமல், உதவித்தொகையோடு இந்தப் பயிற்சியை நடத்து. படித்த மணி நேரத்தையும், பிறகு வார்டில் உழைத்த வருஷத்தையும் ஏ.என்.எம். படிப்பில் கழித்துக்கொள். காண்ட்ராக்டரை நடுவில் நிறுத்தாமல் ஆஸ்பத்திரியே சம்பளம் கொடு. இதைத் தீர்மானமாக எழுதி, மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் வருகிற மகாசபையில் வைக்கட்டும். ஆஸ்பத்திரி ஊழியர்களையும் அந்த மேடைக்கு அழைக்கட்டும்.