பழசு எப்போது பழமையாகிறது? மின்கிதார்ச் சந்தையின் ஒரு சொல்மயக்கம்

தமிழில் 'பழசு' என்றால் மதிப்பு இறங்கும். 'பழமை' என்றால் மதிப்பு ஏறும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் பழசு பரணுக்குப் போகிறது, பழமை கண்ணாடிப் பேழைக்குள் போகிறது. ஒரு பொருள் எந்த ஆண்டில், யார் வாயால், என்ன காரணத்துக்காக முதற்சொல்லிலிருந்து இரண்டாம் சொல்லுக்கு ஏறுகிறது என்று கவனித்தால், அந்தப் பொருளின் தரத்தைவிட அதை விற்பவரின் தேவையே அங்கே உரக்கப் பேசுவது புரியும். இதற்கு மின்கிதாரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கிதார் சந்தையில் அந்த ஏற்றத்தைச் செய்துதரும் சொல் 'விண்டேஜ்'. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் மூலம், திராட்சை அறுவடையைக் குறிக்கும் இலத்தீன் சொல். மதுவுக்கு அது பொருந்தும். எந்த ஆண்டின் திராட்சை என்பது சுவையை மாற்றும். புட்டிக்குள் அடைத்த பின்னும் வேதிமாற்றம் தொடரும். அச்சொல் காருக்கும் கைக்கடிகாரத்துக்கும் கிதாருக்கும் பெயர்ந்தபோது, ஆண்டு ஏற ஏற உள்ளே ஏதோ கனிகிறது என்ற உட்கிடையும் சேர்ந்தே பெயர்ந்தது. அந்த உட்கிடையை எவரும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. சொல்லே அதை நிறுவிவிட்டது.

இங்கே எதிர்க்கப்படுவது அந்த உட்கிடைதான். வாசிப்பதற்காகக் கிதார் வாங்கும் ஒருவர், 1950களிலோ 60களிலோ செய்யப்பட்ட மின்கிதாரைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குவதற்கு இசை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. புதியது போதும், பெரும்பாலான வேளைகளில் புதியதே மேல். சேகரிப்பாளர் தாராளமாகப் பழையதை வாங்கலாம், அது அவருடைய துறை. ஆனால் சேகரிப்பின் விலையை ஒலியின் பெயரால் நியாயப்படுத்துவது நேர்மையான வாதம் அன்று.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். பழைய கிதாரே மேலானது என்ற கருத்து ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தை உடலோடு பிணைத்த நான்கு திருகாணிகள் 1971இல் மூன்றாயின. மெல்லிய பூச்சின் இடத்தில் தடித்த பாலியெஸ்டர் வந்தது. கிப்சன் நிறுவனமோ, விற்பனை சரிந்ததால் லெஸ் பால் கிதாரின் மூல வடிவத்தை 1960உடன் நிறுத்திவிட்டு 1968இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஒலியை விரும்பியவர்களுக்குப் பழைய கிதாரைத் தேடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவுசெய்த ஆல்பம் அப்படிக் கைமாறி வந்த ஒரு லெஸ் பாலால் உருவானது. 1975இல் ஓர் இசைக்கலைஞர் "பழையதை வாங்கு" என்று சொல்லியிருந்தால் அது நல்ல அறிவுரை.

ஆனால் அந்த அறிவுரைக்கு ஒரு காலவரையறை இருந்தது. 1982இல் ஃபெண்டரே தன் பழைய மாதிரிகளை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மறுபடி செய்யத் தொடங்கியது. 1985இல் சி.பி.எஸ். அந்நிறுவனத்தைக் கைகழுவியது. கணினி வழி இயங்கும் அறுப்புப் பொறிகள் வந்தபின், கழுத்து பொருந்தும் குழியின் அளவு ஒரு கிதாருக்கும் அடுத்ததற்கும் மாறுவது அநேகமாக நின்றுபோயிற்று. காரணம் மறைந்துவிட்டது, தீர்ப்பு மட்டும் நிற்கிறது. பொருள் இழந்த பின்னும் வழக்கில் தங்கிவிடும் சொற்களை மொழியியல் அறியும். இங்கே தங்கிவிட்டது ஒரு முழு வாக்கியம்.

தங்கியதோடு நிற்கவில்லை, வளரவும் செய்தது. 'சி.பி.எஸ்.ஸுக்கு முந்தையது' என்ற தொடர், 70களின் மட்டமான கிதார்களிலிருந்து நல்லவற்றைப் பிரித்துக்காட்டப் பிறந்தது. இன்று அதே 70களின் கிதார்களும் 'விண்டேஜ்' என்ற பெயரோடு, புதியவற்றைவிட அதிக விலைக்கு விற்கின்றன. அவற்றின் மூன்று திருகாணிகள் நான்காகிவிடவில்லை. தடித்த பூச்சு மெலிந்துவிடவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தன என்பது மட்டுமே நடந்தது. எதை ஒதுக்குவதற்காக ஒரு வகைப்பாடு உருவானதோ அதையே அந்த வகைப்பாடு விழுங்கிவிட்ட பிறகு, அது தரத்தைக் குறிக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்து ஒலி. மின்கிதாரின் ஒலி பிறக்கும் இடம் பிக்கப். காந்தத்தின் புலத்துக்குள் எஃகுத் தந்தி அதிர, சுற்றியுள்ள செப்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. மரம் அதிர்ந்து காற்றை அசைப்பதால் ஒலிக்கும் வீணையோடும் வயலினோடும் இதை ஒப்பிட முடியாது. தந்தியின் அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதில் மரத்துக்குச் சிறு பங்கு இருக்கலாம். ஆனால் பிக்கப்பின் அமைப்பு, தந்திக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, தந்தியின் தடிமன், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் மேலாக வாசிப்பவரின் விரல்கள், இவற்றுக்கு முன் மரத்தின் வயது எந்த அளவுக்கு நிற்கும்?

பிக்கப்பே பழையதாக இருப்பது நல்லதல்லவா என்பார்கள். அந்தக் கதையும் சொல்மயக்கத்தின் கதைதான். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர், இரைச்சலை நீக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை உருவாக்கி 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அது கிடைத்தது. அதற்கு முன்பிருந்தே அந்தப் பிக்கப்களின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டு வந்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளான 'பி.ஏ.எஃப்.' இன்று ஓர் ஒலியின் பெயர்! ஆனால் அப்படி ஒரே ஒலி எதுவும் இருந்ததில்லை. சுற்றும் பொறிகளில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு சரியாக இல்லாததால் சுருளுக்குச் சுருள் சுற்றுகளின் எண்ணிக்கை வேறுபட்டது. கைக்குக் கிடைத்த தரத்தில் காந்தங்கள் பொருத்தப்பட்டன. ஒரே ஆண்டில், ஒரே ஆலையில் பிறந்த இரண்டு பிக்கப்கள் இருவேறு விதமாக ஒலித்தன. பன்மையான ஒன்றுக்கு ஒருமைப் பெயர் சூட்டி, அந்த ஒருமைக்கு விலை வைத்திருக்கிறது சந்தை.

செவி பொய் சொல்லாது என்று வாதிடுபவர்கள் வயலின் ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். மரத்தின் பங்கு மிக அதிகமான கருவி அது. கிளாடியா ஃபிரிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி அணிவித்து, மங்கிய ஒளியில் மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் வாசிக்கச் செய்தனர். மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. பாரிஸில் 10 முன்னணித் தனிக்கலைஞர்களோடு 2012இல் நடத்திய சோதனையிலும் 6 பேர் புதியதையே தேர்ந்தனர். எது பழையது, எது புதியது என்று பிரித்தறியவும் அவர்களால் இயலவில்லை. முந்நூறு ஆண்டு வயலினிலேயே வயது செவிக்கு எட்டவில்லை. அறுபது ஆண்டு மின்கிதாரில், அதுவும் ஆம்ப்ளிஃபயர் வழியாக, அது எட்டிவிடும் என்று நம்புவதற்கு என்ன சான்று இருக்கிறது?

விலை ஒலிக்காகத்தான் என்ற கூற்றைச் சந்தையின் நடைமுறையே மறுக்கிறது. ஒரு பழைய கிதாருக்கு மறுபடி வண்ணம் பூசினால் அதன் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஒலி பாதியாகக் குறைந்ததா? தேய்ந்த ஃபிரெட்டுகளை மாற்றினால் கருவி வாசிப்பதற்கு மேம்படும், ஆனால் சேகரிப்பாளரின் கண்ணில் அது குறை. உச்சவிலை யாருக்குக் கிடைக்கிறது? கட்டிலுக்கடியில் பெட்டிக்குள்ளேயே கிடந்து, கீறல் படாமல் வெளிவந்த கிதாருக்கு. வாசிக்க வாசிக்க மரம் 'திறக்கும்' என்று சொல்லும் அதே கூட்டம், எவரும் வாசிக்காத கருவிக்கே மிக அதிகமாகக் கொடுக்கிறது. இந்த இரண்டு நம்பிக்கைகளில் ஒன்றாவது பொய்யாக இருந்தாக வேண்டும். 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட சன்பர்ஸ்ட் நிற லெஸ் பால்கள் ஏறத்தாழ 1,500 என்பது பொதுவான கணிப்பு. இன்று ஒன்றின் விலை லட்சக்கணக்கான டாலர். அந்த விலைக்கு அருமையே காரணம், அதாவது எண்ணிக்கைக் குறைவு. எண்ணிக்கை குறைந்ததற்குக் காரணமோ, அன்று அவை விற்காமல் போனது.

இந்தக் கருவிகளுக்குப் புகழ் தேடித்தந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் மேடையில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த வெள்ளை ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1968இல் செய்யப்பட்டது. அதாவது ஏறத்தாழ ஒரு வயதுக் கிதார், அதுவும் சேகரிப்பாளர்கள் முகம் சுளிக்கும் சி.பி.எஸ். காலத்துக் கிதார். டேவிட் கில்மர் 1970இல் நியூயார்க்கில் வாங்கிய கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவர் அதன் கழுத்தைப் பலமுறை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், உடலில் துளையிட்டார், பிறகு அடைத்தார். வேறொருவர் கையில் இருந்திருந்தால் 'கெடுக்கப்பட்ட கருவி' என்று விலை போகாமல் கிடந்திருக்கும். பிரையன் மே தம் தந்தையோடு சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கிய கிதாரின் கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்திலிருந்து வந்தது. இவர்களுக்குக் கிதார் ஒரு வேலைக்கருவியாக இருந்தது. அதைப் புனிதப்பொருளாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்தப் புனிதத்தின் உச்சம் 1995இல் வந்தது. ஃபெண்டர் அவ்வாண்டு 'ரெலிக்' என்ற வரிசையைத் தொடங்கியது. புதுக்கிதாரின் வண்ணத்தைச் சுரண்டி, உலோகத்தைத் துருவேற்றி, பழையதுபோல் ஆக்கிக் கூடுதல் விலைக்கு விற்பது அதன் நெறி. 'ரெலிக்' என்ற சொல் கிறித்தவ மரபில் புனிதரின் எச்சங்களைக் குறிப்பது. பெயரிட்டவர்கள் பொருளறிந்தே பெயரிட்டிருக்கிறார்கள். யாரும் வாழாத வாழ்க்கையின் தழும்புகள் இங்கே விற்பனைக்கு உள்ளன.

மரத்தைப் பற்றிய வாதம் இந்தியாவையும் தொடுகிறது. பழைய கிதார்களின் விரற்பலகை பெரும்பாலும் பிரேசில் ஈட்டி மரத்தால் ஆனது. 1960களின் நடுப்பகுதிக்குப் பின் அவ்விடத்துக்கு இந்திய ஈட்டி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோதகத்தி என்றும் வழங்கும் அதே மரம். பிரேசில் மரம் உயர்ந்தது, இந்திய மரம் மாற்று என்பது சந்தையின் பாடம். பிரேசில் ஈட்டி அழிவின் விளிம்புக்கு வந்ததால் சைட்டீஸ் உடன்படிக்கை 1992இல் அதைத் தன் முதலாம் பட்டியலில் சேர்த்தது. அம்மரம் உள்ள கிதாரை இன்று ஒரு நாட்டில் வாங்கி இன்னொரு நாட்டுக்குக் கொண்டுவர முறையான அனுமதிச் சீட்டுகள் வேண்டும். இல்லையேல் சுங்கத்தில் பறிபோகலாம். வெளிநாட்டிலிருந்து பழைய கிதார் தருவிக்க எண்ணும் மாணவருக்கு இதை எந்த விற்பனையாளரும் முதலில் சொல்வதில்லை. ஒரு காடு வெட்டித் தீர்ந்ததால் வந்த அருமையை ஒலியின் மேன்மை என்று விற்பதில் உள்ள அறக்கேடு தனியே பேச வேண்டியது.

அப்படியானால் பழைய கிதார்களுக்கு மதிப்பே இல்லையா? உண்டு. ஓலைச்சுவடிக்கு உள்ள மதிப்பு அவற்றுக்கும் உண்டு. ஒரு காலத்தில் எதை, எப்படி, எந்தக் கையால் செய்தார்கள் என்பதற்கு அவை சான்று. அருங்காட்சியகம் அவற்றைக் காக்க வேண்டும், ஆய்வாளர் அளந்து எழுத வேண்டும். ஆனால் நூலைப் படிக்க விரும்பும் மாணவரிடம், செல்லரித்த ஏட்டில் படித்தால்தான் பாட்டின் சுவை தெரியும் என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. நல்ல பதிப்பைக் கையில் கொடுக்கிறார். கிதார் வாசிப்பவருக்கு வேண்டியதும் நல்ல பதிப்புதான்.

முதலீடாக வாங்குகிறோம் என்பவர்களோடு சண்டையில்லை. அது தந்தி கட்டிய பங்குப் பத்திரம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் போதும். பாதிக்கப்படுவது வேறொருவர். உதவித்தொகையில் மிச்சம் பிடித்து முதற்கிதார் வாங்க நினைக்கும் மாணவர், தம் வாசிப்பில் குறையிருப்பதைக் கருவியின் வயதுக் குறைவு என்று நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை அவரைக் கடனாளியாக்கும். கடன் வாங்க வழியில்லாதவரை, இந்த இசை தமக்கானது இல்லை என்று ஒதுங்கச் செய்யும். பழமையை வைத்து வாயிற்கதவைச் சாத்தும் இந்த உத்தி, கல்விப்புலத்தில் இருப்பவர்களுக்குப் புதியதன்று.

ஆகவே, வாசிக்க விரும்புபவர் கையிருப்புக்கேற்ற புதுக்கிதாரை வாங்கட்டும். தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கழுத்தையும் தந்தியின் உயரத்தையும் சீர்செய்துகொள்ளட்டும். மீதிப் பணத்தை ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயருக்கும் நல்ல ஆசிரியருக்கும் செலவிடட்டும். நாள்தோறும் வாசித்தால் அந்தக் கிதாரும் ஒருநாள் பழசாகும். அன்று அதிலிருக்கும் தழும்புகள் அவருடையவையாக இருக்கும்.