நடுக்கடலில் எஞ்சின் நின்றால்..? கரையிலேயே கவனிக்க வேண்டியவை!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு அந்த ‘டபடப’ சத்தம் நன்றாகப் பழகியிருக்கும். வைத்திக்குப்பம், சோலை நகர் போன்ற மீனவ கிராமங்களிலிருந்து கிளம்பும் ஃபைபர் படகுகளின் டீசல் எஞ்சின் சத்தம் அது. பாதி வழியில் பைக் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் அந்தச் சத்தம் நின்றால் என்ன செய்வது?

அதிலும் அலை உடையும் இடத்தில் நின்றால் ஆபத்து அதிகம். எஞ்சின் வேகம் இருக்கும்வரை படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். வேகம் போனால் பக்கவாட்டில் திரும்பி, அடுத்த அலையில் கவிழ்ந்துவிடும்.

துறைமுகம் இல்லாத மணல் கரைகள் என்பதால் இந்தச் சிக்கல் சோழமண்டலக் கரைக்குப் புதிதில்லை. ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் தொடங்கியது. சென்னையிலிருந்து இயங்கிய அந்தத் திட்டத்தில், கரையேறும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படியான டீசல் எஞ்சின் அமைப்பு உருவாக்கப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் இந்தக் கரையில் பெருகின. எஞ்சின்கள் பெருகியதும் பழுதுகளும் பெருகின. ஆனால், அடிக்கடி வரும் பழுதுகள் நான்கைந்துதான்.

டீசலில் தண்ணீர்

கேனில் தெறிக்கும் கடல்நீர், இரவில் டேங்க்கின் உள்சுவரில் படியும் ஈரம், இரண்டும் டீசலில் கலக்கும். தண்ணீர் டீசலைவிட கனமானது என்பதால் அடியில் தங்கும். அதனால் கேனை ஓர் இரவு அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்திருப்பதை மட்டும் வலை வைத்த புனலில் வடிகட்டி ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் கடைசி அரை லிட்டரை மிச்சம் பிடிக்க நினைத்தால், பம்ப்பும் இன்ஜெக்டரும் துருப்பிடித்து செலவு வைக்கும்.

ஏர் லாக்

டேங்க் காலியாகும்வரை ஓட்டினாலோ, ஃபில்டர் மாற்றினாலோ குழாயில் காற்று புகுந்துவிடும். எஞ்சின் சுற்றும், பற்றிக்கொள்ளாது. முதலில் டேங்க் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, ஃபில்டரில் உள்ள காற்று வெளியேற்றும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டீசல் நுரைத்துக்கொண்டு வரும். குமிழி இல்லாமல் வந்ததும் இறுக்கிவிடுங்கள். அடுத்து பம்ப்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். டேங்க்கிலிருந்து எஞ்சினை நோக்கி, வரிசை மாறாமல் செய்ய வேண்டும். அடிக்கடி காற்று புகுந்தால் குழாயில் வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ இருக்கிறது என்று அர்த்தம்.

புகையின் நிறம்

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது சுமை கூடிவிட்டது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம்; விசிறியில் வலைத் துண்டோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கலாம். எஞ்சினை அணைத்த பிறகே விசிறியில் கை வைக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம். எஞ்சின் சூடான பிறகும் தொடர்ந்தால், டீசல் சரியாக எரியவில்லை. தண்ணீர் கலப்பு, இன்ஜெக்டர் கோளாறு, கம்ப்ரஷன் குறைவு என எதுவும் காரணமாகலாம்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த எஞ்சினோடு கடலுக்குப் போகவே கூடாது.

உப்பு

காற்றால் குளிரும் எஞ்சின்களில் இரும்பு மடிப்புகளுக்கு நடுவே உப்பும் ஆயிலும் சேர்ந்து கெட்டியாகும். வெப்பம் வெளியேறாமல் எஞ்சின் சூடாகி நிற்கும். கரை திரும்பி, எஞ்சின் ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுவது நல்லது. சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

குளிர் நாட்டிலும் இதே கதை

நம் படகுகளுக்கு ஹீட்டர் தேவையில்லை. ஆனால், பிரிட்டன் போன்ற நாடுகளில் சிறு படகுகளின் அறையைச் சூடாக்க டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள். வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் ஆகிய ஜெர்மன் நிறுவனங்கள் இதில் பிரபலம். அங்கேயும் எரிபொருள் குழாயில் காற்று, அழுக்கு டீசல், பலவீனமான பேட்டரி என்று இதே மாதிரித் தொல்லைகள்தான். குறைந்த சூட்டில் நெடுநேரம் ஓட்டினால் உள்ளே கரி படியும் என்பதால், அவ்வப்போது முழு வேகத்தில் ஓட்டச் சொல்வார்கள். படகு எஞ்சினையும் இப்படித்தான், சும்மா ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிடக் கூடாது.

கை, மூச்சு ஜாக்கிரதை

இன்ஜெக்டரிலிருந்து சீறும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் கொண்டது. காயம் ஊசி குத்தியதுபோல் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

நின்றேவிட்டால்..?

முதல் வேலை, பழுது பார்ப்பதல்ல, நங்கூரம் போடுவது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆழம் அனுமதித்தால், நங்கூரத்தால் படகை ஒரே இடத்தில் நிறுத்திவைத்தால் தேடி வருபவர்களுக்கு எளிது. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்துப் படகுக்குச் சொல்லுங்கள். செல்போன் சிக்னல் இருந்தால், இந்தியக் கடலோரக் காவல்படையின் இலவச உதவி எண் 1554.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பெரிய படகுகள் கரையேறிப் பழுது பார்த்துக்கொள்ளும் காலம் அது. சின்னப் படகு வைத்திருப்பவர்களும் அந்த நாள்களில் இன்ஜெக்டரை மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம். மற்றபடி டீசல், ஆயில், ஃபில்டர், குழாய் கிளிப், விசிறி, நங்கூரக் கயிறு ஆகிய ஆறையும் கிளம்பும் முன் பார்க்க ஐந்தே நிமிடம் போதும்.