அடைத்த வானமும் ஆலங்கட்டி மழையும்

காஷ்மீரத்தில் மூண்ட ஒரு விரோதம் குமரிமுனைக்குத் தெற்கே கடலைச் சுற்றிக்கொண்டு போன விந்தை, அரை நூற்றாண்டுக்கு முன் நம் திருநெல்வேலிச் சீமையின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். 1971-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட ‘கங்கா’ என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை இரண்டு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்திச் சென்று, பிரயாணிகள் விடுவிக்கப்பட்ட பின் அதைத் தீக்கிரையாக்கவே, பிப்ரவரி 4-ஆம் தேதி இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தானிய விமானங்களுக்கு அடைத்துவிட்டது. அந்நாளில் பாகிஸ்தான் இரண்டு துண்டாக, நடுவே நம் தேசம் முழுவதையும் வைத்துக்கொண்டு கிடந்தது. கராச்சியிலிருந்து டாக்காவுக்கு நம் தலைக்கு மேலே நேராகப் பறந்துகொண்டிருந்த விமானங்கள், அன்று முதல் அரபிக்கடல் வழியே தெற்கே வந்து, கொழும்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, வங்கக்கடலின் மேல் வடக்கே ஏறி, ஏறத்தாழ இரு மடங்கு தூரம் பறந்து டாக்காவைச் சேர்ந்தன. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

தாமிரபர்ணி என்ற பெயர் பூர்வ காலத்தில் நம் நதிக்கு மட்டுமன்றி இலங்கைத் தீவுக்கும் வழங்கியது. இமயத்தின் தகராறு ஒன்று, நதியான தாமிரபர்ணிக்கும் தீவான தாமிரபர்ணிக்கும் அண்மையிலுள்ள ஆகாயம் வரை வந்து எட்டிப் பார்த்தது என்றால், கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்பே தகராறு வந்துவிடும் என்று சொல்லும் நம் ஊர் சம்சாரிகளுக்கு அது ஆச்சரியமாக இராது. அந்தச் சுற்று வழியில் பிரயாணிகள் மட்டும் போகவில்லை. சாதாரண உடை தரித்த படைவீரர்களும் கிழக்கு வங்கத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர் என்பது பின்னர் சரித்திரத்தில் பதிவாயிற்று. ஆதலால் வானத்தை அடைப்பது எப்போதுமே அநியாயம் என்று வாதிக்க நான் முன்வரவில்லை. தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயம் தனக்கே உரியது என்பதை 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை தன் முதல் ஷரத்திலேயே ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் ஒப்புக்கொடுத்திருக்கிறது. 1971-இல் அடைபட்ட வழி 1976-இல்தான் மீண்டும் திறந்தது.

பிறகு 2019. பாகிஸ்தானின் பாலகோட்டில் நம் விமானப்படை நடத்திய தாக்குதலுக்கு மறுநாளான பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வானத்தை மூடி வைத்திருந்ததில், நம் விமானக் கம்பெனிகளுக்கு நேர்ந்த நஷ்டம் சுமார் 549 கோடி ரூபாய் என்று பாராளுமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. அதில் ஏர் இந்தியாவின் பங்கு மட்டும் 491 கோடி. பிறகு 2025. காஷ்மீரத்தில் நடந்த பஹல்காம் படுகொலைக்குப் பின் ஏப்ரல் 24-ஆம் தேதி பாகிஸ்தானும், 30-ஆம் தேதி இந்தியாவும் ஒன்றன் விமானங்களுக்கு மற்றொன்று கதவைச் சாத்தின. ‘நோட்டாம்’ என்று அத்துறையினர் சொல்லும் அறிவிப்பை மாதந்தோறும் புதுப்பித்து இருவரும் அந்த அடைப்பை நீட்டித்துக்கொண்டே வந்தார்கள். இந்த நஷ்டங்களுக்காக நான் கண்ணீர் வடிக்கப் போவதில்லை; விரோதம் என்று வந்தபின் பணமும் காலமும் விரயமாவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் ஒரு வேடிக்கையைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் கிளப்பிக்கொண்டு வந்த தபால் விமானமே ஏர் இந்தியாவின் பிறப்பு. அந்தத் தபால் சேர வேண்டிய ஊர் நம் சென்னை. கராச்சிக்கும் சென்னைக்கும் பாதை போடப் பிறந்த கம்பெனிதான் இன்று அந்தத் திசையின் அடைப்பால் எல்லோரையும்விட அதிகமாக இழக்கிறது.

நான் கவலையோடு பேச வந்தது வேறு ஒரு விஷயம். 2025 மே 21-ஆம் தேதி டெல்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட பிரயாணிகளோடு சென்ற இண்டிகோ விமானம், பதான்கோட் அருகே 36,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எதிரே இடிமேகம் மலைபோல் எழுந்து நிற்பதைக் கண்டது. இடப்புறம் சற்றே விலகிப் போனால் தப்பலாம். ஆனால் இடப்புறம் இருப்பது சர்வதேச எல்லை. விமானிகள் முதலில் அந்தப் பகுதியின் வானத்தைக் கண்காணிக்கும் நம் விமானப்படையின் கட்டுப்பாட்டு நிலையத்தைக் கேட்டார்கள்; எல்லைப் பக்கம் விலகுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. பிறகு லாகூரைக் கேட்டார்கள். சிறிது நேரம் மட்டும் உங்கள் ஆகாயத்தில் ஒதுங்கிப் போகிறோம் என்ற அந்த விண்ணப்பத்தையும் லாகூர் மறுத்துவிட்டது. திரும்பிவிடலாம் என்றாலோ மேகம் அதற்குள் மிக அருகே வந்துவிட்டது. வேறு வழியின்றி அதற்குள்ளேயே புகுந்தார்கள். ஆலங்கட்டிகள் மூக்கைச் சிதைத்தன. தானியங்கி விமானி கழன்றுகொண்டது. மேலே தூக்குவதும் கீழே எறிவதுமாகக் காற்று பந்தாடியதில், ஒரு கட்டத்தில் விமானம் நிமிஷத்துக்கு 8,500 அடி என்ற வேகத்தில் கீழ்நோக்கிப் பாய்ந்தது. விமானிகள் கையாலேயே ஓட்டி, விமானப்படையும் திசை சொல்லி உதவ, எல்லோரையும் உயிரோடு ஸ்ரீநகரில் கொண்டு சேர்த்தார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று பாளையங்கோட்டையில் என் திண்ணைக்கு வந்த நண்பர் ஒருவர், “டெல்லிக்கும் ஸ்ரீநகருக்கும் போகிற விமானத்துக்கு நாம் ஏன் பதற வேண்டும்?” என்று கேட்டார். எல்லையில் பணிபுரியும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் விடுப்பு முடிந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏறினால், சென்னையும் டெல்லியும் கடந்து கடைசியில் ஏறும் விமானம் அதுதான் என்று நான் சொன்னேன். 2025 ஜூலை 26-ஆம் தேதி வாகைக்குளத்தில் புதிய முனையம் திறந்தாகிவிட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. பெரிய விமானங்களும் இனி வந்து இறங்கலாம். வானம் இனியும் நமக்குத் தூரத்துச் சமாசாரமன்று. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு அபூர்வம். 2025 ஜூன் 23-ஆம் தேதி இரவு ஈரானின் ஏவுகணைகள் கத்தாரில் விழுந்து வளைகுடா நாடுகள் தத்தம் வானத்தைச் சாத்தியபோது, அந்தத் தெருக்களில் தூங்காத வீடுகள் எத்தனையோ.

நம் விமானப்படையும் லாகூரும் ஏன் மறுத்தன என்று கேட்டால், அவர்களுக்கும் ஒரு காரணம் உண்டு. அது வெறும் வன்மம் அன்று, பயம். யுத்த காலத்து எல்லையில் திரையில் தெரியும் ஒரு புள்ளி பிரயாணிகள் விமானமா, வேறா என்று தீர்மானிக்க வேண்டியவருக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிஷங்கள்தான். 1965 செப்டம்பர் 19-ஆம் தேதி, பஞ்சாயத்து ராஜ்யத்துக்கு வித்திட்டவரும் குஜராத்தின் முதலமைச்சராக இருந்தவருமான பல்வந்த்ராய் மேத்தா கட்ச் எல்லைப் பக்கம் சென்ற சிறிய விமானத்தைப் பாகிஸ்தான் விமானப்படை சுட்டு வீழ்த்தியதில், அவரும் அவர் மனைவியும் உட்பட எட்டுப் பேர் மாண்டார்கள். அந்தச் சிறு விமானம் சிறகை அசைத்து அசைத்து அபயம் கேட்டதாகச் சுட்டவரே பின்னாளில் சொன்னார். கைஸ் ஹுசைன் என்ற அந்தப் பாகிஸ்தானிய விமானி, நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 2011-இல், தாம் சுட்ட விமானத்தை ஓட்டிய ஜஹாங்கீர் இன்ஜினியரின் மகளுக்குத் தம் வருத்தத்தைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். அந்த அம்மையாரும் கடுஞ்சொல் இல்லாமல் பதில் எழுதினார். உத்தரவு போட்டவர்கள் எழுத வேண்டிய கடிதத்தை உத்தரவை நிறைவேற்றியவர் எழுதினார் என்பது என் அபிப்பிராயம்.

அந்நியரைத்தான் இப்படித் தவறாக எண்ணுவார்கள் என்பதும் இல்லை. 2019 பிப்ரவரி 27-ஆம் தேதி, விங் கமாண்டர் அபிநந்தன் எல்லைக்கு அப்பால் சிறைப்பட்டார் என்ற செய்தியில் தமிழ்நாடே மூழ்கியிருந்த அதே காலையில், ஸ்ரீநகர் அருகே பட்காமில் நம் ஏவுகணையே நம் ஹெலிகாப்டரை வீழ்த்தி விமானப்படை வீரர் ஆறு பேரைப் பலிகொண்டது. 2020 ஜனவரியில் டெஹ்ரானில் கிளம்பிய உக்ரேனிய விமானத்தை ஈரானியப் படையே சுட்டதில் 176 பேர் இறந்தார்கள். ஆகவே பயம் நியாயமானதே. ஆனால் பயம் இருப்பதனாலேதான் முன்கூட்டி எழுதிவைத்த ஓர் ஒழுங்கு வேண்டும் என்கிறேன்; இடிமேகத்தின் வாசலில் நின்றுகொண்டு யாரைக் கேட்பது, யார் பதில் சொல்வது என்று விமானி தடுமாறும் நிலை கூடாது.

சட்டம் இந்த இடத்தில் ஓர் இடைவெளியை விட்டிருக்கிறது. சிகாகோ உடன்படிக்கையின் 25-ஆவது ஷரத்து, தன் எல்லைக்குள் ஆபத்தில் சிக்கிய விமானத்துக்கு ஒவ்வொரு நாடும் உதவ வேண்டும் என்கிறது. 1983-இல் கொரிய விமானம் ஒன்றை சோவியத் படை வீழ்த்தி 269 பேர் மடிந்தபின், 1984-இல் சேர்க்கப்பட்ட ஷரத்து, பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின்மேல் ஆயுதம் பிரயோகிப்பதை விலக்குகிறது. முற்றத்துக்குள் வந்து விழுந்தவனுக்குத் தண்ணீர் கொடு, அவனை அடிக்காதே என்று இவ்வளவும் சொன்ன சட்டம், மழைக்கு ஒதுங்க வாசலில் நின்று கேட்பவனுக்குக் கதவைத் திற என்று தெளிவாகச் சொல்லவில்லை.

நம் பள்ளத்தாக்கு ராணுவ விமானத்தின் மற்றொரு முகத்தைக் கண்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் எண்ணூறு பேரோடு தீவாகி நின்றபோது, வானத்திலிருந்து அவர்களுக்கு உணவுப் பொட்டலங்களைப் போட்டவை படை ஹெலிகாப்டர்களே. மொட்டைமாடியில் நின்று அந்த இரைச்சல் கிழக்கே போவதைக் கேட்டுக்கொண்டிருந்த நான், அதைப்போல் இனிய ஓசையை அதற்குமுன் கேட்டதில்லை. 1987 ஜூன் 4-ஆம் தேதி ‘பூமாலை’ என்ற பெயரில் நம் விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் சுமார் 25 டன் உணவுப் பொருள்களை இறக்கியபோதும் அங்குள்ளவர்கள் அப்படித்தான் உணர்ந்திருப்பார்கள். கொழும்போ அதை வான்வழி அத்துமீறல் என்று கண்டித்தது. அதில் அரசியல் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பசி என்ற ஆபத்து எல்லைக்கோட்டைவிடப் பெரிது என்று அன்று வாதித்தது டெல்லிதான். இடிமேகத்துக்கும் அந்த வாதத்தைச் சற்றே நீட்டினால் என்ன?

அப்படி நீட்டிய தருணங்களும் உண்டு. பதான்கோட் சம்பவத்துக்கு மூன்று வாரங்களே கழிந்த நிலையில், ஜூன் 14-ஆம் தேதி இரவு, பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலுக்குத் திரும்ப முடியாமல் எரிபொருள் குறைந்து தவித்த எஃப்-35 போர்விமானம், இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரத்தில் இறங்க நம் விமானப்படை வழிசெய்து கொடுத்தது. பழுதுபட்டு ஜூலை 22 வரை அங்கேயே நின்ற அதைக் கேலிச்சித்திரமாக்கிச் சிரித்தோமே தவிர, ஏன் இறங்கவிட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிரிட்டன் சிநேக நாடு, பாகிஸ்தான் அப்படியா என்பார்கள். சரி, பாகிஸ்தானையே எடுத்துக்கொள்வோம். சிந்து நதி உடன்படிக்கையை நிறுத்தி வைத்திருந்த 2025 ஆகஸ்டிலும் தாவி நதியில் வெள்ளம் வருகிறது என்று இந்தியா மனிதாபிமானத்தோடு அந்நாட்டுக்கு எச்சரிக்கை அனுப்பியது. டிட்வா புயலில் இலங்கை நிலைகுலைந்தபோது, டிசம்பர் முதல் தேதி, நிவாரணப் பொருள் ஏற்றிய பாகிஸ்தானிய விமானத்துக்கு நம் வானம் திறந்தது. சில மணி நேரத்தில் தந்தோம் என்று டெல்லியும், காலம் கடத்தினார்கள் என்று இஸ்லாமாபாத்தும் சச்சரவிட்டுக்கொண்டது வேறு கதை. கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களை யுத்தத்திலும் தொடக்கூடாது என்பதற்காக ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி இருநாடும் பட்டியல் மாற்றிக்கொள்ளும் வழக்கம் 1992 முதல் நடந்துவருகிறது. போர்விமானங்கள் எல்லைக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் வரலாகாது என்று 1991-இல் செய்த ஒப்பந்தமும் உண்டு. இத்தனை காகிதங்களில் கையெழுத்திட்ட கைகளுக்கு இன்னொரு காகிதம் பாரமாகிவிடாது.

புயலைச் சாக்கு வைத்து உளவு பார்க்கமாட்டார்களா என்ற ஆட்சேபத்துக்கும் விடை கைவசம் இருக்கிறது. அடைப்பு ஒருவர் விமானத்துக்கு மற்றவர் போட்டதுதானே ஒழிய, மூன்றாம் நாட்டு விமானங்கள் அந்த எல்லையை நாள்தோறும் கடந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றை டெல்லி லாகூரிடமும் லாகூர் டெல்லியிடமும் ஒப்படைக்கும் தொடர்பும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. வானிலையால் ஆபத்து என்று விமானி அறிவித்தால், அதே தொடர்பில் விமானத்தின் எண்ணும் அடையாளக் குறியும் சொல்லி, இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிஷம் என்று வரம்பு கட்டி ஒதுங்கவிடுவதற்குப் புதிய யந்திரம் எதுவும் தேவையில்லை. பாகிஸ்தான் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. எங்கள் அடைப்பு எத்தனை மாதம் நீண்டாலும், மேகத்துக்கு அஞ்சி ஒதுங்கும் உங்கள் பிரயாணிகள் விமானத்துக்கு எங்கள் வானம் திறந்திருக்கும் என்று இந்தியா தானாகவே அடுத்த நோட்டாமில் ஒரு வரி சேர்க்கட்டும்; எல்லை ஓரத்தில் நம் விமானமே விலக வேண்டிவந்தால் விமானப்படையும் சிவில் கட்டுப்பாட்டு அறையும் அந்த நிமிஷமே என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதி வைக்கட்டும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசித் தொகுதிகளின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாகைக்குளத்துக்கு இன்னும் எத்தனை விமானம் வரும் என்று கேட்கும்போது, கூடவே இந்த ஒரு கேள்வியையும் சபையில் கேளுங்கள்: 2025 மே 21-ஆம் தேதிக்குப் பிறகு, ஆலங்கட்டி மழையின் நடுவே அதே இடத்தில் அனுமதி கேட்கும் விமானிக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாராவது எழுத்தில் உத்தரவு போட்டிருக்கிறார்களா?