பழையதெனத் தள்ளும்முன்

நுழையும்முன்

உலகின் பல நாடுகளில் ஒளிரும் திரைகளுக்குப் பின்னால் தமிழகத்து உழைப்பு இருக்கிறது. மின்னணுப் பொருள்களை ஆக்கும் திறனில் வளர்ந்துள்ள நாம், அவற்றைப் பேணும் திறனிலும் வளர்ந்திருக்கிறோமா? வேகம் குறைந்த ஒரு கணினியை முன்வைத்து இவ்வினாவை எழுப்புகிறது இக்கட்டுரை.

உழைப்பின் தடம்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருப்பெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊர் என்று அறியப்பட்ட இவ்வூர், கடந்த முப்பது ஆண்டுகளில் தொழிற்சாலைகளின் ஊராகவும் மாறியது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா இங்குக் கைப்பேசிகளை உருவாக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் டெல் நிறுவனத்தின் கணினி ஆலையும் சாம்சங் நிறுவனத்தின் வீட்டுப் பயன்பாட்டுப் பொருள் ஆலையும் வந்தன. ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர் முதலிய வாகன ஆலைகள் எழுந்தன. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் ஐபோன்களைப் பொருத்தி உலகெங்கும் அனுப்புகிறது.

இவ்வாலைகளில் பணிபுரிவோருள் பெரும்பகுதியினர் இளையோர். மின்னணு ஆலைகளிலோ பெண்களே மிகுதி. சொந்த ஊரையும் உறவையும் பிரிந்து வந்து, முறைப்பணிக்கேற்ப இரவையும் பகலையும் மாற்றிக்கொண்டு உழைப்பவர்கள் அவர்கள். 2024 ஆகஸ்டு மாதத்தில் வல்லம் வடகாலில் தமிழக அரசு திறந்துவைத்த தொழிலாளர் குடியிருப்பு 18,720 பேர் தங்கத்தக்கது. ஒரு சிற்றூரின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண் இது. ஒரு திறன்பேசியோ கணினியோ நம் கைக்கு வருவதற்குள் எத்தனை கைகளைக் கடந்து வருகிறது என்பதை இவ்வெண் உணர்த்துகிறது.

இத்தனை கைகள் சேர்ந்து ஆக்கிய பொருளை நாம் எத்தனை ஆண்டுகள் பயன்படுத்துகிறோம்? “கணினி மெதுவாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்” என்னும் பேச்சைப் பல வீடுகளில் கேட்கிறோம். ‘மெதுவாகிவிட்டது’ என்பது ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சல் கண்டவரிடம் காரணம் கேளாது முடிவுரைக்கும் மருத்துவரை நாம் ஏற்பதில்லை. கணினிக்கு மட்டும் அவ்வாறு முடிவுரைக்கிறோம். பெரும்பாலான வேகக் குறைவுக்குக் கண்டறியத்தக்க காரணமும் செலவு குறைந்த தீர்வும் உண்டு. அவற்றை அறிந்திருப்பது எழுத்தறிவைப் போலப் பொது அறிவாக வேண்டும் என்பதே என் கருத்து.

வேகம் குறைவது ஏன்?

கணினியின் உள்ளமைப்பை ஒரு மாணவரின் படிப்பறையோடு ஒப்பிடலாம். நினைவகம் என்பது படிக்கும் மேசை. சேமிப்பகம் என்பது நூல்கள் அடுக்கிய அலமாரி. மேசையின்மேல் விரித்துவைத்த நூல்களை உடனே படிக்கலாம். அலமாரியில் உள்ளதை எழுந்து சென்றுதான் எடுக்க வேண்டும். உலாவியில் முப்பது பக்கங்களைத் திறந்துவைத்து, பின்னணியில் பத்துச் செயலிகளையும் இயங்கவிட்டால் மேசையில் இடம் போதாது. அப்போது கணினி, சில தரவுகளைச் சேமிப்பகத்தில் வைப்பதும் மீண்டும் எடுப்பதுமாக அலைகிறது. அந்த அலைச்சலையே நாம் ‘மெதுவாகிவிட்டது’ என்கிறோம்.

அலமாரியின் தன்மையும் முதன்மையானது. பழைய கணினிகளில் இருக்கும் வன்தட்டு, நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகளைக் கொண்டது. வேண்டிய தரவு இருக்கும் இடத்திற்கு அதன் முனை நகர்ந்து செல்வதற்குச் சில மில்லிநொடிகள் ஆகும். ஒரு முறைக்கு அது சிறு பொழுதே. ஆயிரக்கணக்கான முறை நிகழும்போது நிமிடங்களாகிவிடுகிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்புகளே இல்லை. ஆகவே, அது தரவைப் பன்மடங்கு விரைவாக எடுத்துத் தருகிறது.

மூன்றாவது காரணம் வெப்பம். நுண்செயலி அளவுக்கு மீறிச் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுப்போக்கியில் தூசி அடைத்துக்கொள்வதும், நுண்செயலிக்கும் வெப்பங்கடத்தித் தகட்டுக்கும் இடையே பூசிய களிம்பு உலர்ந்துபோவதும், மடிக்கணினியை மெத்தையின்மேல் வைத்து இயக்குவதும் இச்சூட்டிற்குக் காரணங்கள். தமிழகத்தின் கோடை இதற்குத் துணைபோகிறது.

செலவில்லா வழிகளும் சிறு செலவு வழிகளும்

காரணம் தெரிந்தால் தீர்வை வரிசைப்படுத்தலாம். செலவில்லாதவற்றை முதலில் செய்து பார்ப்பதே முறை.

முதலாவதாக, கணினியை முழுமையாக நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். பல நாள்கள் மூடியை மட்டும் மூடித் திறப்பவர்கள் பலர். தேங்கிக் கிடக்கும் பணிகள் மறுதொடக்கத்தில்தான் நீங்குகின்றன.

இரண்டாவதாக, கணினி தொடங்கும்போதே தாமாகத் தொடங்கும் செயலிகளைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் இயங்குதளத்தில் பணி மேலாளரைத் திறந்தால் அப்பட்டியல் கிடைக்கும். நச்சுநிரல் தடுப்பானைத் தவிர்த்து, அன்றாடம் தேவைப்படாதவற்றை அங்கேயே நிறுத்திவைக்கலாம். நினைவகத்தை மிகுதியாக உண்ணும் செயலி எது என்பதையும் அதே இடத்தில் காணலாம்.

மூன்றாவதாக, சேமிப்பகத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் வெற்றிடம் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே காணொளியின் பல படிகளும் பயன்படுத்தாத விளையாட்டுகளுமே பெரும்பாலும் இடத்தை அடைத்திருக்கும்.

நான்காவதாக, காற்றுப்போக்கியைத் தூய்மை செய்ய வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருப்பதைக் கண்டால் தொடாமல் உடனே பயிற்சி பெற்ற பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவை போதாதபோதுதான் பணம் தேவைப்படுகிறது. வன்தட்டை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவது, இடமிருந்தால் நினைவகத்தைக் கூட்டுவது ஆகிய இரண்டும் பழைய கணினிக்குப் புத்துயிர் அளிப்பவை. இவற்றின் செலவு புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. மாற்றும் முன்னர்த் தரவுகளைப் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

‘ஒரே சொடுக்கில் வேகம் இருமடங்கு’ என்று விளம்பரப்படுத்தும் மென்பொருள்களை நம்ப வேண்டா. அவற்றுள் பல, தாமே பின்னணியில் இயங்கி வேகத்தைக் குறைப்பவை. சில, தீங்கிழைக்கும் நிரல்களைச் சுமந்து வருபவை.

தெரிந்து தெளிவோம்

சென்னையிலுள்ள சி-டாக் மையத்தில் உருவாக்கப்பட்ட ‘பாஸ் லினக்ஸ்’ ஒரு கட்டற்ற இயங்குதளமாகும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கவல்லது. கட்டற்ற இயங்குதளங்களுள் எளிய வடிவங்கள், குறைந்த நினைவகம் கொண்ட பழைய கணினிகளிலும் இயங்கும்.

பழுதா, திட்டமா?

எல்லா வேகக் குறைவும் பயன்படுத்துவோரின் கவனக்குறைவால் வருவதில்லை. பொருள்களின் ஆயுளை நிறுவனங்கள் வரையறுத்த வரலாறும் உண்டு. மின்விளக்கு உருவாக்கிய பெருநிறுவனங்கள் 1924இல் ‘ஃபீபஸ்’ என்னும் கூட்டமைப்பை ஏற்படுத்தி, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்துக்கொண்டன. அதைவிட நெடுநாள் எரியும் விளக்கை உருவாக்கிய உறுப்பினர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது.

நம் காலத்திலும் ஒரு சான்று உண்டு. மின்கலம் மூப்படைந்த ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. பேசிகள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கமளித்தது. அவ்விளக்கம் தொழில்நுட்ப அடிப்படையில் ஏற்கத்தக்கதாகவே இருக்கலாம். ஆயின், அதைப் பயனரிடம் முன்னரே சொல்லியிருந்தால், புதிய பேசி வாங்கியவர்களுள் பலர் புதிய மின்கலத்தோடு நிறைவடைந்திருப்பர். கண்டனம் எழுந்தபின், மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக அந்நிறுவனம் குறைத்தது. தகவலை மறைத்த குற்றத்திற்காக 2020இல் பிரான்சு நாடு இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்தது.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அடுத்த பதிப்பு கேட்கும் வன்பொருள் தகுதிகள் இல்லாமையால், நன்றாக இயங்கும் கணினிகள் பலவும் ‘பழையவை’ ஆயின. பாதுகாப்பு இற்றைகள் கிடைக்காத கணினியில் வங்கிப் பணிகளைச் செய்வது இடர் மிக்கது என்பது உண்மையே. ஆனால், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை நிறுவினால் அதே கணினி, பாதுகாப்பாகப் படிக்கவும் எழுதவும் பயன்படும். இந்த வழி இருப்பதை அறியாதவர்கள் புதிய கணினிக்குப் பணம் சேர்க்கிறார்கள்.

வேலை குறைந்துவிடாதா?

“மக்கள் பழையதையே பழுதுபார்த்துப் பயன்படுத்தினால், திருப்பெரும்புதூர் ஆலைகளில் வேலை என்னாகும்?” என்று கேட்கலாம். தள்ளிவிட முடியாத கேள்வி இது. உழைப்பவரின் வாழ்வோடு தொடர்புடையது.

இதற்கு நோக்கியா ஆலையின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அவ்வாலையில் உருவான எளிய கைப்பேசிகள் உறுதிக்குப் பெயர் பெற்றவை. அவை நீண்ட காலம் உழைத்ததனால் ஆலை மூடப்படவில்லை. சந்தை திறன்பேசிகளின் பக்கம் திரும்பியது. 2013இல் வரித் தகராறு எழுந்தது. 2014இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. மைக்ரோசாஃப்ட் தன் கொள்முதலை நிறுத்த, 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். விரைந்து வாங்கி விரைந்து எறியும் சந்தை, தொழிலாளரைக் காக்கவில்லை. அதன் விரைவே அவர்களையும் அடித்துச் சென்றது. பின்னர் அவ்வளாகத்தைப் பெற்ற சால்காம்ப் நிறுவனம் அங்கு மின்னேற்றிகளைத் தயாரிக்கத் தொடங்கியது.

பொருள்களின் ஆயுள் நீண்டால் புதியவற்றின் விற்பனை ஓரளவு குறையலாம். அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழுதுநீக்கலும் வேலைதான். அது வாடிக்கையாளர் வாழும் ஊரிலேயே நடக்க வேண்டியது. வேறொரு நாட்டிற்கு எளிதில் இடம்பெயராதது. மின்கலம், திரை, விசைப்பலகை, எஸ்.எஸ்.டி. ஆகிய மாற்றுறுப்புகளுக்குத் தேவை பெருகும்போது, அவற்றை உருவாக்கும் ஆலைகளுக்கும் இத்தடத்தில் இடமுண்டு. சென்னை ரிச்சி தெருவின் சிறு கடைகளில், பெரிய பட்டங்கள் ஏதுமின்றியே நுண்ணிய பழுதுகளை நீக்கும் கைகளை இன்றும் காணலாம். அத்திறனுக்கு முறையான பயிற்சியும் சான்றிதழும் மதிப்பும் கிடைக்கச் செய்வதே நம் கடமை.

குப்பையில் சேரும் செல்வம்

ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட மின்னணுக் கழிவு அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவற்றில் ஒரு பகுதி, ஏழைத் தொழிலாளர்கள் கம்பிகளை எரித்துச் செம்பைப் பிரிக்கும் இடங்களைச் சென்றடைகிறது. ஈயமும் பாதரசமும் காட்மியமும் அங்கு மண்ணிலும் மூச்சிலும் கலக்கின்றன.

நம் நாட்டில் புதிய மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உற்பத்தியாளரே கழிவின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இருப்பினும், மறுசுழற்சி இறுதிப்படிதான். ஒரு மடிக்கணினியால் விளையும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி, அதை உருவாக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. ஆகவே, அதன் பயன்பாட்டுக் காலத்தை மேலும் மூன்றாண்டுகள் நீட்டிப்பது, உடைத்து உருக்குவதைவிடப் பயன் மிக்கது.

செய்யத்தக்கவை

பழுதுநீக்கும் உரிமை பற்றிய விழிப்புணர்வு உலகெங்கும் வளர்ந்துவருகிறது. 2027ஆம் ஆண்டு முதல், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே கழற்றி மாற்றத்தக்கதாக அமைக்க வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்துள்ளது. இந்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கெனத் தனி இணையவாயிலைத் தொடங்கியது. மாற்றுறுப்புகளையும் பழுதுநீக்கும் கையேடுகளையும் நியாயமான விலையில் தருவதைச் சட்டக் கடமையாக்குவது அடுத்த படியாக அமைய வேண்டும்.

தமிழகத்திற்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல இலட்சம் வீடுகளைச் சென்றடைந்தன. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவை சுழலும் வன்தட்டு கொண்டவை. அண்ணனோ அக்காவோ பெற்ற அக்கணினி, இன்று பரணில் கிடக்கலாம். பள்ளிதோறும் ஒரு பழுதுநீக்கும் மன்றம் அமைத்து, அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையமும் ஆலைகளும் அதற்குக் கைகொடுத்தால், அக்கணினிகளுள் பல மீண்டும் இயங்கும். திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரப் பள்ளிகளே இதற்கு முன்னோடியாகலாம். பெற்றோர் பொருத்தும் பொருளின் உள்ளமைப்பைப் பிள்ளைகளும் அறிந்துகொள்வர்.

கணினியே இல்லாத வீடுகள் நம்மிடையே இன்னும் ஏராளம். ஒருவருக்கு வேகம் போதாத கணினி, பழுது நீங்கியபின் மற்றொரு மாணவருக்குப் பாடம் சொல்லும். எனவே, அடுத்த முறை உங்கள் வீட்டில் “புதியது வாங்கலாம்” என்னும் பேச்சு எழும்போது, பணி மேலாளரைத் திறந்து பாருங்கள், காற்றுப்போக்கியின் தூசியைப் பாருங்கள், அதன்பின் முடிவெடுங்கள்.