கரண்ட் போனால் அந்த பம்ப் என்ன செய்யும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்பார்கள். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, விலை எவ்வளவு. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. மாங்கு மாங்கென்று டைப் செய்த கடிதம் ஒரு நாள் காணாமல் போன பிறகுதான் யூ.பி.எஸ். நினைவுக்கு வரும். கடிதம் என்றால் திரும்ப டைப் செய்துகொள்ளலாம். நான் இங்கே எழுதப் போவது அப்படித் திரும்பச் செய்ய முடியாத வேலையைச் செய்யும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைப் பற்றி.

அதன் பெயர் கையடக்க இன்ப்யூஷன் பம்ப். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலையை, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அளவுள்ள ஒரு சிறு பெட்டி செய்கிறது. உள்ளே ஒரு ப்ராசசர், கொஞ்சம் மெமரி, ஒரு சின்ன மோட்டார். மோட்டார் சிரிஞ்சை மெல்ல மெல்லத் தள்ள, மருந்து ட்யூப் வழியாகத் தோலுக்கு அடியிலோ ரத்தக் குழாயிலோ இறங்கும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின், புற்றுநோய் வலிக்கு மார்பின், தலசீமியா உள்ளவர்களுக்கு உடலில் சேரும் இரும்புச் சத்தை வெளியேற்றும் மருந்து என்று பல வகைகளில் இது பயன்படுகிறது. இப்படி உடலில் மாட்டிக்கொள்ளும் பம்பை உருவாக்கி 1976-ல் கம்பெனி தொடங்கியவர் அமெரிக்காவின் டீன் காமென். இரண்டு சக்கர செக்வே வண்டியைச் செய்தவரும் இவரே.

இந்தப் பம்ப் வீட்டுக்கு வருவதை நான் வரவேற்கிறேன். பாபநாசத்தில் இருப்பவர் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வர சுமார் 50 கி.மீ. பஸ்ஸில் உட்கார வேண்டும். வலியோடு இருப்பவருக்கு அந்தப் பயணமே ஒரு தண்டனை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் பராமரிப்பும், வயிற்று வழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகளும் வீட்டுக்கே வந்தன. வைத்தியம் வீடு தேடி வருவது நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் உண்டு, நர்ஸ் உண்டு. வீட்டில்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும் கலெக்டர் ஆபீசும் தண்ணீரில் நின்றன. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் பல நாள் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அந்த நேரத்தில் இடுப்பில் பம்போடு ஒருவர் மாடியில் உட்கார்ந்திருந்தால்?

ஆகவே பம்ப் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது எதில் ஓடுகிறது என்பதுதான். பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் செல்லில் ஓடும் இன்சுலின் பம்ப்கள் உண்டு. சார்ஜரையே நம்பியிருக்கும் பம்ப்களும் உண்டு. பார்க்க அழகாகவும் டச் ஸ்கிரீனோடும் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. நம் ஊருக்கு நான் செல்லைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இன்னொன்று. இன்சுலின் பம்பில் போடுவது வேகமாக வேலை செய்து வேகமாகத் தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டுமே. பம்ப் நின்றால் சில மணி நேரத்திலேயே உடம்பு ஆபத்தான நிலைக்குப் போகத் தொடங்கும். எனவே வீட்டில் இன்சுலின் பேனாவும், எத்தனை யூனிட் போடுவது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டும் எப்போதும் இருக்க வேண்டும். ப்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் காருகுறிச்சிப் பானை இருக்கவே இருக்கிறது. பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் மூடிய கவரில் இன்சுலின். ப்ரிட்ஜ் அளவு குளிராது. வெயிலில் வெந்துபோகாமல் காக்கும்.

கரண்டை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அது பட்டன். கீ போர்டில் ஒரு கீயை ஒரு முறை தட்டினால் இரண்டு எழுத்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்பிலும் இது நடந்திருக்கிறது. 2005 முதல் 2009 வரை இன்ப்யூஷன் பம்ப்கள் பற்றி சுமார் 56,000 புகார்கள் வந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-ல் அறிவித்தது. சாப்ட்வேர் கோளாறு, குழப்பமான திரை, பேட்டரி என்று அதில் எல்லாம் இருந்தது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் மோசம். கிரேஸ்பி என்ற சிரிஞ்ச் பம்ப் இரண்டு மாடல்களில் வந்தது. நீல நிறப் பம்பில் 48 என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 48 மி.மீ. பச்சை நிறப் பம்பில் அதே 48, ஒரு நாள் முழுவதற்கும். பச்சைக்கான எண்ணை நீலத்தில் வைத்துவிட்டால், ஒரு நாள் மார்பின் ஒரு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். நிறத்தைத் தவிர இரண்டும் பார்க்க ஒரே மாதிரி! மி.மீ. கணக்கில் ஓடும் இத்தகைய பம்ப்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும் என்று அங்கே உத்தரவு வந்தது 2010 டிசம்பரில்தான். படித்த நர்ஸ்களே தடுமாறிய இடம் அது. இங்கே ஆங்கிலம் மட்டும் காட்டும் திரையை ஒரு பாட்டியின் கையில் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது என்ன நியாயம்? பம்ப் விற்பவர்கள் திரையில் தமிழ் தர முடியவில்லை என்றால், ஒவ்வொரு அலாரத்துக்கும் என்ன செய்வது என்று தமிழில் ஒரு பக்க அட்டையாவது தர வேண்டும். பட்டன் லாக் வசதி இல்லாத பம்பை வீட்டுக்கு வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் எழுதக் கூடாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். சிப்பே இல்லாத பம்ப் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு பலூன், அதில் மருந்து. பலூன் சுருங்கச் சுருங்க மருந்து இறங்கும். பேட்டரி கிடையாது, பட்டன் கிடையாது. சில புற்றுநோய் மருந்துகளை 46 மணி நேரம் ஏற்ற இதை மாட்டிவிடுகிறார்கள். குறை இல்லாமல் இல்லை. சூடு கூடினால் மருந்து கொஞ்சம் வேகமாக இறங்கும், அடைத்துக்கொண்டால் கத்திச் சொல்ல அலாரம் கிடையாது. வேகத்தை மாற்றத் தேவையில்லாத வைத்தியத்துக்கு இது போதுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

எலெக்ட்ரானிக் பம்ப்தான் வேண்டும் என்றால், டிஸ்சார்ஜ் ஆகும் முன் நர்ஸ் முன்னிலையில் பேட்டரியைக் கழற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். எந்த அலாரம் எப்படிக் கத்துகிறது, புது பேட்டரி போட்டதும் பழைய வேகம் மெமரியில் இருக்கிறதா, இல்லையென்றால் யாருக்குப் போன் செய்வது என்று பாருங்கள். பிறகு, வீட்டில் நோயாளியோடு இரவு இருக்கப் போகிறவர் யாரோ அவரே அதை ஒரு முறை செய்து பார்க்கட்டும்.