கிட்டப் போனால் படம் வராது

வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில ஒரு கபரகொய்யா வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. என்னோட வந்த கொட்டாஞ்சேனை நண்பன் போனை நீட்டிக்கொண்டு ஆறடிக்குள்ள போய்விட்டான். அது திரும்பிப் பார்க்கவில்லை என்று ஒரு சின்னக் கல் எறிந்தான். அது தண்ணிக்குள்ள பாய்ந்துவிட்டது. கிடைத்த படத்தில் கலங்கலாக ஒரு வால், மிகத் தெளிவாக ஒரு புல்லுப் பற்றை. போகஸ் புல்லில் விழுந்திருந்தது.

கிட்டப் போனால்தான் நல்ல படம் வரும் என்பது எங்கட ஆக்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. அது பொய், அதுவும் ஆபத்தான பொய்.

கதிர்காமம் போகிற குடும்பங்களுக்கு புத்தல வீதி தெரியும். அங்கே யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கப் பழகிவிட்டன. பழக்கினது யார்? கண்ணாடியை இறக்கிப் பழம் நீட்டின நாங்கள்தான். சிலர் பக்தியில் நீட்டினார்கள், சிலர் யானையும் தானும் ஒரே படத்தில் விழவேண்டும் என்று நீட்டினார்கள். யாலயில் கெமுனு என்ற கொம்பன் ஜீப்புக்குள் தும்பிக்கையை விட்டுப் பேரெடுத்ததும் இதே கதைதான். பிறகு யானைக்குக் குழப்படிப் பட்டம் கட்டுகிறோம். அதே யாலயில் ஒரு சிறுத்தை தெரிந்தால் போதும், ஜீப்புகள் முட்டிமோதிக்கொண்டு ஓடும். அந்தப் புழுதியிலும் ஆட்டத்திலும் எந்தக் கமரா போகஸ் பிடிக்கும்?

கமராவின் கணக்கும் இவர்களுக்கு எதிரானதுதான். கிட்டப் போகப் போக, தெளிவாக விழும் ஆழம் குறையும். மூக்கு தெளிந்தால் கண் கலங்கும். கண் கலங்கின விலங்குப் படம் செத்த படம். தள்ளி நில்லுங்கோ, ஒற்றைப் புள்ளி போகஸைக் கண்ணில் வையுங்கோ. நடக்கிற பறவைக்கு ஷட்டர் 1/500, பறக்கிறதுக்கு 1/1600 அளவில் இருக்கட்டும்.

எக்ஸ்போஷரும் அப்படித்தான். கமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணிக்கு முன்னால் நிற்கிற கொக்கை அதன் போக்கில் விட்டால் இறகெல்லாம் வெளிறி, வெறும் சுண்ணாம்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கோ. போனில் என்றால் கொக்கில் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் போதும். இரவில் பிளாஷ் அடிக்கவே வேண்டாம். இருட்டில் வேட்டையாடுகிற கண்ணுக்கு அது அடிதான்.

"600 மில்லிமீற்றர் லென்ஸ் வைத்திருக்கிறவன் தள்ளி நிற்கலாம், எங்களிட்ட போன்தானே இருக்கு" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லென்ஸின் விலை எங்கட வீட்டு வாடகையை விடப் பல மடங்கு. அதற்காக அந்த லென்ஸ்காரனின் படத்தையே நாங்களும் ஏன் எடுக்கவேண்டும்? கொக்கு சின்னதாகவே விழட்டும். பின்னால் தொடர்மாடியும், கொடியில் காய்கிற உடுப்பும், மிதக்கிற பிளாஸ்டிக் போத்தலும் விழட்டும். 2018 இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பு எப்படிக் கிடக்கிறது என்று அந்தப் படம் சொல்லும். முகத்தை மட்டும் நிரப்பின படத்துக்கு அதைச் சொல்ல வராது.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கால்வாய்ப் பக்கம் போங்கோ, இல்லாவிட்டால் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போங்கோ. ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் சத்தமில்லாமல் நில்லுங்கோ. நீங்கள் வந்ததையே விலங்கு கணக்கெடுக்காவிட்டால் அது தன்ர வேலையைப் பார்க்கும். அப்போது எடுங்கோ. எடுத்து முடிந்த பிறகும் அது அதே இடத்தில் நிற்கவேண்டும். ஓடிவிட்டது என்றால் அந்தப் படத்தைப் போடாதேங்கோ. நாங்களும் லைக் போடமாட்டோம்.