கெம்பஸ் கிடைத்தால் மட்டும் போதுமா?



போன கிழமை எங்களிடம் படித்த பிள்ளையொருவர் பட்டப்படிப்பை முடித்துவிட்டு உம்மாவோடு ஆசிரியர் அறைக்கு வந்திருந்தார். பெறுபேற்றில் ஜீ.பி.ஏ. 2.96. "பாஸ்தானே சேர், அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. பிள்ளை தலை நிமிரவில்லை. 3.00 இருந்தால் இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு. வெறும் 0.04இல் அது கைவிட்டுப் போனது. "முதல் வருஷம் பாஸ் பண்ணினால் போதும் என்று நினைச்சிட்டேன் சேர்" என்றார்.

இதில் பிள்ளையை விட எங்கள் பிழைதான் பெரிது. உயர்தரத்தில் கடைசி மூன்று மாதம் விழுந்து படித்து இசட் புள்ளியை எடுக்கப் பழக்கியது நாங்கள்தான். கெம்பஸில் அது சரிவராது. அங்கே ஒவ்வொரு செமஸ்டரும் கணக்கில் சேரும்.

கணக்கு கஷ்டமானதல்ல. ஏ என்றால் 4.00, பி 3.00, சி 2.00. அதைப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். ஒரு பாடத்தில் ஏ, இன்னொன்றில் சி என்றால் சராசரி 3.00 என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். மூன்று கிரெடிட் பாடத்தில் ஏ, இரண்டு கிரெடிட் பாடத்தில் சி எடுத்தால் 12உம் 4உம் 16. ஐந்தால் வகுத்தால் 3.20. அதே பெறுபேறு மாறி வந்தால் 6உம் 8உம் 14; கிடைப்பது 2.80. ஒன்று வகுப்புக்குள், மற்றது வெளியே. எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்று பார்க்காமல் படிப்பது ஆபத்து.

பிறகு பிடிக்கலாம் என்பதும் லேசில்லை. நான்கு வருடத்துக்கு 120 கிரெடிட், வருடத்துக்கு 30 என்று வைப்போம். முதல் வருடம் 2.00 எடுத்தவர் 3.00இல் முடிக்க, மீதி மூன்று வருடமும் சராசரி 3.33 எடுக்க வேண்டும். பி பிளஸ் 3.30தான்! ரிப்பீட் எழுதினாலும் பல இடங்களில் சிக்கு மேல் தரமாட்டார்கள்.

விதி பீடத்துக்குப் பீடம் மாறும். சில பீடங்களில் முதல் வருடத்துக்கு நிறை குறைவு. ஆகவே போன முதல் கிழமையே பீடத்தின் கைநூலை வாசிக்கச் சொல்லுங்கள்.

கெம்பஸ் கிடைத்தால் சந்திக்குச் சந்தி பெனர் கட்டுகிறோம், பரிசளிக்கிறோம். அதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது. பெறுபேறு வந்து கெம்பஸ் தொடங்கும் வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒரு சனிக்கிழமை, இப்போது கெம்பஸில் படிக்கும் நம் பிள்ளைகளை வைத்தே இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்போம். வகுப்பறையை நாங்கள் திறந்து தருகிறோம். பெனருக்குப் போகும் காசில் தேநீர்ச் செலவே வராது.

வாப்பா, உம்மாமார்களே, அடுத்த முறை பிள்ளை லீவில் வந்தால் "பாஸா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஜீ.பி.ஏ. எத்தனை?" என்றும் கேளுங்கள்.